கையெழுத்து போடாதட்டி!

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசிய பேச்சு. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அவியலும் பாயாசமும் உள்ளே போயாச்சு. இந்த நேரத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும் கண் சொக்கத்தான் செய்யும். அதனால் நான் இன்றைக்கு சீரியலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பார்த்தீர்களா, பின்வரிசையில் சாய்ந்து இருந்த அக்காமாரெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்!

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் சீரியல் பார்ப்பேன். விரும்பித்தான் பார்ப்பேன். "சமூகப்பணி படித்துவிட்டு சீரியல் பார்க்கிறாயே" என்று கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. பண்ணட்டும். பகல் முழுக்க பஸ் மாறி மாறி ஊர் ஊராகப் போய் வந்தால், ராத்திரி எனக்கும் அரைமணி நேரம் வேணும்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கிராமசபைக்கு எல்லாரும் வரணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மூத்த அக்கா சொன்னார்கள்: "மக்ளே, கிராமசபை, அரசியல் இதெல்லாம் நமக்கு ஒத்துவராது பாத்துக்க. பகலெல்லாம் முந்திரி ஆபீசுல கெடந்து கை வெந்துபோய் வாறோம். ராத்திரி ஒரு சீரியலப் பாத்துட்டுப் படுத்தா போதும். அரசியலு என்ன தெரியும் எங்களுக்கு?"

நான் அதோடு விட்டிருக்கலாம். "என்ன சீரியல் அக்கா, கதை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அக்கா பதினைந்து நிமிடம் சொன்னார்கள். சொத்து யார் பேரில் இருக்கிறது, பவர் பத்திரம் யார் கையில் இருக்கிறது, வக்கீலை விலைக்கு வாங்கினது யார், மூத்த அண்ணன் ஏன் திடீரென்று தங்கச்சியிடம் பாசமாகப் பேசுகிறான், அதற்குள்ளே என்ன திட்டம் இருக்கிறது என்று எல்லாம் விலாவாரியாகச் சொன்னார்கள்.

"அக்கா, அரசியல் தெரியாதுன்னு சொன்னீங்க. இவ்வளவு நேரம் நீங்க பேசினது அரசியல்தானே?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் வரும்போதும் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய நாடகங்களில் என்ன இருந்தது?

எங்கள் அம்மா காலத்தில் தூர்தர்ஷனில் ராமாயணம். 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. என்று அம்மா சொல்லுவாள். இந்தி ஒரு சொல் தெரியாது. ஆனாலும் குளித்து முழுகி, பாயைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

என் காலத்தில் 'சித்தி'. 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. ராதிகா நடித்த அந்த சாரதாவுக்காக எங்கள் வீட்டில் அழாத ஆள் கிடையாது. அதற்குப் பிறகு திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி', 2002 முதல் 2005 வரை. ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு அப்பா, ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்த் தலைகுனிந்து நிற்கிற கதை. அதில் சரோ மாமியார் வீட்டில் பட்ட பாட்டை மறக்க முடியுமா? 2003 நவம்பரில் தேவயானி நடித்த 'கோலங்கள்' வந்தது. 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு பகுதிக்கு மேல் ஓடியது. கட்டடத் தொழில் நடத்துகிற அபி, ஆதி என்ற பணக்கார ஆணோடு மோதுகிற கதை. அதே திருச்செல்வம்தான் 2022இல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். படித்த மருமகள்களை அடுக்களைக்குள் பூட்டி வைத்திருக்கிற ஆதி குணசேகரன், சொத்தில் நாற்பது சதவீதப் பங்கு வைத்திருக்கிற அப்பத்தா. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, திட்டித் திட்டி அவரைப் பார்த்த பெண்களே அழுதார்கள்.

இந்தக் கதைகளில் எல்லாம் சண்டை எதற்காக நடக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொத்து யாருக்கு? சாவி யார் இடுப்பில்? வேலைக்குப் போகலாமா என்று முடிவு எடுப்பது யார்? பத்திரத்தில் கையெழுத்து போடுவது யார்? இதுதானே! இதே கேள்வியை ஊருக்குக் கேட்டால் ஊராட்சி. நாட்டுக்குக் கேட்டால் நாடாளுமன்றம்.

சீரியலில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கன்னத்தில் அடி விழுந்தால் மூன்று தடவை காட்டுவார்கள். அடுக்களையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சாம்பார் வைப்பார்கள். ஒரு பெண்ணைக் கெடுக்க இன்னொரு பெண்ணே விஷம் வைப்பாள். இதெல்லாம் நமக்கும் தெரியும். ஆனாலும் ஒரு செய்தி கேளுங்கள். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் கிராமங்களில் ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். 2009இல் அது வெளிவந்தது. கேபிள் டி.வி. புதிதாக வந்த ஊர்களில், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லுகிற பெண்கள் குறைந்தார்கள்; ஆண்பிள்ளைதான் வேணும் என்கிற எண்ணம் குறைந்தது; வீட்டு முடிவுகளில் பெண்கள் தலையிடுவது கூடியது என்று அவர்கள் கண்டார்கள். ஆக, டி.வி. முன்னால் உட்கார்ந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே ஏதோ வேலை நடந்திருக்கிறது.

என் அம்மாவின் கதை

இப்போது என் சொந்த வீட்டுக் கதை ஒன்று. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "சொல்லு மக்ளே, நாலு பேருக்கு உதவும்னா சொல்லு" என்றாள்.

என் தாத்தா அவர் கையால் சம்பாதித்து ஒரு தென்னந்தோப்பு வாங்கிப் போட்டிருந்தார். உயில் எழுதாமல் இறந்துபோனார். 2004ஆம் வருஷம் ஒருநாள் மாமாமார் வந்தார்கள். "ஒரு கையெழுத்து போடணும், ஆபீசுக்கு வந்துட்டுப் போ" என்றார்கள். அம்மா தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். கையெழுத்து போட்டாள். மாமா சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அது விடுதலைப் பத்திரம் என்று அவளுக்குத் தெரியாது. தன் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. ஐந்தாறு வருஷம் கழித்துத் தோப்பை விற்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

மாமாமார் கெட்டவர்கள் இல்லை. இப்போதும் எங்களோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு வழக்கம். "கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு எதுக்கு?" அவ்வளவுதான்.

இருபது வருஷம் ஆச்சு. 'எதிர்நீச்சல்' ஓடிக்கொண்டிருந்த சமயம். பங்குக்காக குணசேகரன் அப்பத்தாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அம்மா டி.வி. முன்னால் இருந்து கத்துகிறாள்: "எம்மா, இந்தச் சவத்துப்பயலுக்குக் கையெழுத்து போட்டிராத! ஏ மருமவ, நீயும் போடாதட்டி!"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா, நீ மட்டும் போட்டியே?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இதுல அவன் பின்கட்டுல நின்னு பேசுறதக் காட்டுறான். அதனால அவன் கள்ளன்னு தெரியுது. எங்க அண்ணன் பேசுனத எனக்கு யாருட்டி காட்டுனா?"

சகோதரிகளே, நான் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்ததைவிடப் பெரிய பாடம் இது. சீரியலில் நாம் கெட்டிக்காரிகளாக இருப்பதற்கு ஒரே காரணம், மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை நமக்குக் காட்டுகிறார்கள். நிஜத்தில் அப்படிக் காட்ட யாரும் இல்லை. நாமேதான் கதவைத் தட்டி, "என்ன பேசுறீங்க? அந்தக் காகிதத்தக் காட்டுங்க" என்று கேட்கணும்.

2005ஆம் வருஷம் நினைவிருக்கா?

மெட்டி ஒலி முடிந்தது 2005இல். கடைசி வாரம் எந்த வீட்டிலும் ராத்திரி சமையல் நேரத்துக்கு நடக்கவில்லை. அதே 2005இல் வேறு என்னென்ன நடந்தது தெரியுமா?

* இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்று நாடு முழுவதற்கும் ஆக்கினார்கள். (தமிழ்நாட்டில் 1989லேயே வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று இருந்தது.)

* குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

* தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய் கட்டி மனு எழுதினால் 30 நாளில் அரசு அலுவலகம் பதில் சொல்ல வேணும்.

மூன்று சட்டமும் ஒரே வருஷம்! சரோவுக்காக அழுத நம்மில் எத்தனை பேருக்கு, சரோ மாதிரிப் பெண்களுக்காக ஒரு சட்டம் அந்த வருஷமே நிறைவேறியது தெரியும்? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நம் மாவட்டத்தில் கிறிஸ்தவ சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்பங்கு, இல்லையென்றால் 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கேரளத்தில் மேரி ராய் என்ற ஆசிரியை சொந்தச் சகோதரரை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார். 1986இல் சமபங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. அவர் சீரியலில் வந்த ஆள் இல்லை. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர்.

நாஞ்சில் நாட்டின் முதல் தொடர்கதை

கதை கேட்பதும் சட்டம் மாறுவதும் நம் ஊருக்குப் புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி இருந்தது. அதாவது ஒருத்தர் இறந்தால் சொத்து அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இல்லை. அவருடைய சகோதரி பிள்ளைகளுக்கு. பெண்வழி என்றுதான் பேர். ஆனால் சாவி காரணவர் இடுப்பில். பெண்டாட்டிமார் கண்ணீரோடு நின்றார்கள்.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைக் கதைப்பாட்டாக எழுதினார். 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பேர். 1917, 1918 வாக்கில் 'தமிழன்' பத்திரிகையில் தொடராக வந்தது. கதை சொல்லுவது யார் தெரியுமா? ஐந்து கல்யாணம் பண்ணின ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி! மாமியார் கொடுமை உண்டு, சக்களத்திச் சண்டை உண்டு, மருமகனின் அட்டகாசம் உண்டு, கடைசியில் கோர்ட்டு வழக்கு உண்டு. நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு மெகா தொடர்தான். படித்தவர்கள் சிரித்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள்.

ஆனால் படித்துச் சிரித்ததோடு விடவில்லை. அந்த வழக்கத்தை மாற்றணும் என்று அந்தச் சமுதாயத்தில் ஒரு இயக்கமே நடந்தது. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உரிமை வந்தது. கதை மட்டும் சட்டம் கொண்டுவராது. கதையைக் கேட்டவர்கள் எழுந்து போய்ப் பேசினால் வரும்.

திரையில் இருந்து ஓட்டுப் பெட்டிக்கு

சீரியலுக்கும் அரசியலுக்கும் நடுவில் நடிகர் நடிகைகளும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ராமாயணத்தில் சீதையாக வந்த தீபிகாவும் ராவணனாக வந்த அரவிந்த் திரிவேதியும் 1991இல் குஜராத்திலிருந்து எம்.பி. ஆனார்கள். ராமராக வந்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் ஜெயித்தார். அதே 2024இல் மேற்கு வங்காளத்தில் பெண்களுக்கான டி.வி. நிகழ்ச்சி நடத்திப் பேர் வாங்கிய ரச்சனா பானர்ஜி வேறொரு கட்சியில் நின்று ஹூக்ளியில் ஜெயித்தார். நம்ம 'சித்தி' ராதிகா அதே தேர்தலில் விருதுநகரில் நின்றார், தோற்றார்.

எந்தக் கட்சி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது உங்கள் விருப்பம். நான் சொல்லுவது, நம் ஜனங்களுக்குக் கதைக்கும் ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியும். சாரதாவுக்காக அழுத கண்ணை வைத்துக்கொண்டே, ஓட்டை யோசித்துப் போடத் தெரியும். அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது.

அரசியல் என்பதும் கடைசியில் கையெழுத்துதான். 2016 மே மாதம் பதவியேற்ற அன்றைக்கே அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா, 500 மதுக்கடைகளை மூடுவதற்கும், தாலிக்கு 8 கிராம் தங்கம் கொடுப்பதற்கும் கையெழுத்து போட்டார். 2021 மே மாதம் பதவியேற்ற அன்றைக்கு மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று நம் குழுக்களில் எவ்வளவு பேச்சு! அவ்வளவு ஏன், நாம் சீரியல் பார்க்கிற டி.வி.யே பல வீடுகளுக்கு 2006 தேர்தல் வாக்குறுதியில் வந்ததுதானே? "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று நாம் சொன்னாலும், அது நம் வீட்டு நடுக்கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

தலைவர் யார்?

நம் மாவட்டத்தில் பெண்கள் பொறுப்புக்கு வந்தது நேற்று இன்று நடந்தது இல்லை. 1957இல் குளச்சல் தொகுதியில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன், காமராஜர் மந்திரிசபையில் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தார். 1958இல் சென்னை மாநிலத்துக்குப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது அவர் காலத்தில்தான். பிறகு 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016இல் அதைப் பாதிப்பங்காக ஆக்கினார்கள். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நம் மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள். நிறையப் பெண்கள் தலைவர் ஆனார்கள். நம் குழு உறுப்பினர்களும் ஆனார்கள்.

அதில் ஒரு அக்கா. ஊர் பேர் வேண்டாம். அந்த அக்காதான் தலைவர். ஆனால் ஊரில் "தலைவர் வாறாரு" என்றால் அவர் புருஷன் வருகிறார் என்று அர்த்தம். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்து போடணும். அண்ணன் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார். அக்கா மீன் கழுவின கையைத் துடைத்துக்கொண்டு வந்து புள்ளி மேலே கையெழுத்து போடுவார்கள்.

ஒருநாள் குழுப் பெண்கள் தண்ணீர் வரவில்லை என்று போனார்கள். அக்கா, "அவங்க வரட்டும், கேட்டுச் சொல்லுகேன்" என்றார்கள். ஒருத்தி சொன்னாள்: "அக்கா, நாங்க ஓட்டுப் போட்டது உங்களுக்கு. அண்ணனுக்கு இல்ல."

அன்றைக்கு ராத்திரி அக்கா புள்ளி வைத்த காகிதத்தை முதல் தடவையாகப் படித்தார்கள். தண்ணீர் மோட்டார் பழுது பார்த்ததாக ஒரு பில். அந்த மோட்டார் ஓடவே இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ரெண்டு வாரமாக அவர்களே குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள்! பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் ஒரு வாரம் வீட்டில் பேசவில்லை. பிறகு மோட்டார் ஓடியது.

அவ்வளவுதான் கதை. பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அக்கா ஒரு காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்து போட்டது இல்லை என்று அவர் மகளே என்னிடம் சொன்னாள்.

குடம் சுமக்கிறவளுக்குத்தான் மோட்டார் ஓடவில்லை என்று தெரியும். இது நான் மட்டும் சொல்லுவது இல்லை. 2019இல் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் ராகபேந்திர சட்டோபாத்யாயும் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வு செய்து 2004இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவு செய்திருந்தார்கள்.

இனி என்ன செய்யலாம்?

சீரியல் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பாருங்கள். அந்தக் கண்ணோடு மூன்று இடத்துக்கு வாருங்கள்.

முதல் இடம், கிராமசபை. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். யாரும் அழைப்பு அனுப்ப வேண்டியது இல்லை. குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்று வருஷத்துக்கு ஆறு நாள். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். அங்கே இருக்கிறவர்கள் பகுதி சபைக்குப் போகலாம். தனியாகப் போனால் பேச வாய் வராது. குழுவாகப் பத்துப் பேர் போங்கள். ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவு என்று நீட்டுகிற நோட்டில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

இரண்டாவது இடம், சொந்த வீடு. அப்பா வழியோ புருஷன் வழியோ, எந்தப் பத்திரமாக இருந்தாலும் முந்தின நாளே நகல் கேளுங்கள். "என்மேல் நம்பிக்கை இல்லியா?" என்று கேட்பார்கள். "நம்பிக்கை இருக்கு அண்ணே. படிச்சிட்டுப் போடுகேன்" என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் படித்த பிள்ளைகளிடம் கொடுங்கள். பணம் இல்லாதவர்களுக்கும், பெண்களுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

மூன்றாவது இடத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது நம்ம குழுதான்! நான் தீர்மானப் புத்தகம் பார்க்கிறவள். சில குழுக்களில் மேலே ஒரு வரி எழுதுவதற்கு முன்பே கீழே பன்னிரண்டு கையெழுத்தும் இருக்கிறது. "ஊக்குநர் எழுதிக்கிடுவா, எங்களுக்கு அடுப்பில் சோறு இருக்கு" என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். வங்கியில் கடன் எடுத்த தொகையும் தெரியாது, கட்டிய தவணையும் தெரியாது. ஊக்குநர் நல்லவள்தான். ஆனால் என் மாமாவும் நல்லவர்தான். வெற்றுத்தாளில் கையெழுத்து போடுவது நல்லவர்களையும் கெடுத்துவிடும்.

இதைச் சொன்னதும் முன்வரிசையில் ரெண்டு ஊக்குநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் இருந்து சரி பண்ணுவோம். தீர்மானம் எழுதி முடித்து, ஒருத்தர் சத்தமாக வாசித்து, எல்லாரும் "சரி" என்ற பிறகு கையெழுத்து. இதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அவ்வளவு நேரம் ஒரு சீரியலில் விளம்பரமே ஓடுகிறது.

என் அம்மாவுக்குத் தோப்பு திரும்பிக் கிடைக்கவில்லை. கிடைக்கப்போவதும் இல்லை. ஆனால் போன பொங்கலுக்கு என் தம்பி வீட்டுக் கடனுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்தான். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, ஐந்து பக்கமும் படித்தாள். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அன்றைக்கு அவள் சீரியல் போய்விட்டது. தம்பி முணுமுணுத்தான். அம்மா நிமிரவே இல்லை.

படித்து முடித்து, இரண்டு கேள்வி கேட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து போட்டாள்.

அடுத்த மாதம் நான் குழுக்களுக்கு வரும்போது தீர்மானப் புத்தகத்தைத்தான் முதலில் கேட்பேன். எடுத்து வையுங்கள்.